குண்டு இல்லை என்று யார் சொன்னாலும்

தம்பி, நேற்றிலிருந்து நீ நாலு தடவை போன் எடுத்துவிட்டாய். நாலு தடவையும் அம்மாதான் பேசினாள். அப்பா கடைக்குப் போயிருக்கிறார், அப்பா குளிக்கிறார் என்றாள். நான் கடைக்கும் போகவில்லை, குளிக்கவும் இல்லை. அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. பேச ஆரம்பித்தால் பாதியில் போனை வைத்துவிடுவேன், நீ பதறிப்போய் பஸ் ஏறுவாய், வந்து பார்த்தால் கிழவன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பான். அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் ஜீப் ஓட்டிய கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிடு. இரண்டு வரி பார்த்துவிட்டு "சரிப்பா" என்று போடுகிற உன் வழக்கம் எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை அது வேண்டாம்.

எல்லாம் நீ அனுப்பிய படத்தால் வந்தது. குருவிட்டவில் மாணிக்கக்கல் முதலாளியிடம் பாதுகாவலராகச் சேர்ந்துவிட்டாய், அவர் கல் வாங்க நிவித்திகல பக்கமும் றக்வான பக்கமும் போகும்போது கூடப் போக வேண்டும், பத்து நாள் பயிற்சியும் முடிந்துவிட்டது என்று எழுதி, கையில் பிஸ்டலோடு நிற்கிற படத்தையும் போட்டிருந்தாய். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலில் உன் சட்டையைத்தான் பார்த்தாள். "இஸ்திரி போட்டிருக்கான், பரவாயில்லையே" என்றாள். பிறகு பெருவிரலையும் மோதிர விரலையும் வைத்துப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். "இவன் வெரல் எங்க இருக்குன்னு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, போனை என் மடியில் வைத்துவிட்டு, காய்ந்த துணி எடுக்கப் போய்விட்டாள்.

உன் விரல் விசைமேல் இருந்தது. குழாய், படம் பிடித்த ஆளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் படம் எடுத்தது என்று கேட்டேன். உடனே பதில் போட்டாய்: "முதலாளியோட சின்ன மகள்ப்பா. பயப்படாதீங்க, குண்டு இல்ல. முதலாளி சொன்னாரு." ஒரு சிரிக்கிற மூஞ்சியும் போட்டிருந்தாய். தம்பி, பத்து நாள் உனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள், கையில் வாங்கியதும் நீயே திறந்து பார்க்க வேண்டும் என்று பத்து நாளும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பத்து நாளும் முதலாளியின் ஒரு பேச்சுக்கு முன்னால் எங்கே போனது? உன்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நான் போன வழி அது.

நேராகச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எழுதாமலே எழுந்துவிடுவேன். உன் அம்மாவின் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாமல் போனது ரோலரில் மாட்டியதால் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். தேயிலை ஆலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மிஷின் கடித்துவிட்டது என்று ஊரும் சொன்னது, நீயும் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். அது பொய். அவள் கையைச் சுட்டது நான். வேண்டுமென்று சுடவில்லை, ஆனால் விசையை அழுத்தியது இந்த விரல்தான், இப்போது பேனா பிடித்திருக்கிற இதே விரல். உனக்கு அப்போது மூன்று வயது. தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் மற்றக் குழந்தைகளோடு தூங்கிக்கொண்டிருந்தாய்.

அப்போது நம் தோட்டத்தை நடத்திய பெரிய தொரையை உனக்கு ஞாபகம் இருக்காது. சிங்கள ஆள், உயரம், கோபக்காரர், ஆனால் ஈரமில்லாதவர் என்று சொல்ல மாட்டேன். நான் அவருடைய ஜீப் டிரைவர். உன் அம்மா பங்களாவில் வீட்டு வேலை. பக்கத்துத் தோட்டத்துப் பங்களாவில் திருடர்கள் புகுந்து அங்கிருந்த தொரையை அடித்துப் போட்ட பிறகு இவர் லைசன்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கினார். சனிக்கிழமை மத்தியானங்களில் பழைய கல்லுடைத்த பள்ளத்துக்கு ஜீப்பில் போவோம். பின்னால் செங்குத்தாக மண் சுவர், அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. நான் மீன் டின்களை வரிசையாக வைப்பேன், அவர் சுடுவார். ஒரு நாள் அவருக்கு என்ன தோன்றியதோ, "டிரைவரும் ஒண்ணு அடிச்சுப் பாரு" என்று நீட்டினார். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி கூட நன்றாகப் பிடிக்கத் தெரியாத எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தோட்டம் முழுக்க எத்தனை பேருக்குத் தொரையின் பிஸ்டல் கையில் கிடைக்கும் சொல்.

முதல் தடவையே பெருவிரலைப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டேன். சுட்டதும் மேலே இருக்கிற இரும்பு, ஸ்லைட் என்பார்களே, அது மின்னல் மாதிரி பின்னால் வந்து போகும். என் பெருவிரல் கணுவைச் சீவிக்கொண்டு போனது. தொரை சிரித்தார், நானும் சிரித்தேன், ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகுதான் ஒழுங்காகச் சொல்லித் தந்தார். வலது கை உயரமாகக் கைப்பிடியைக் கவ்வ வேண்டும், இடது கை அதைச் சுற்றி வந்து அணைக்க வேண்டும், இரண்டு பெருவிரலும் ஒரே பக்கம் முன்னால் பார்த்துக் கிடக்க வேண்டும். கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்க்க வேண்டும். நான் டின்னையே முறைத்துப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் படவில்லை. "டின் பாக்க வேணாம் டிரைவர். முன்னுக்கு இருக்கிற குறி பாரு" என்றார். முன் குறி தெளிவாகத் தெரிய வேண்டும், அது பின் குறியின் பள்ளத்துக்கு நடுவில், இரண்டு தலையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். டின் கொஞ்சம் மங்கித் தெரிந்தால் பரவாயில்லை. விசையை வெடுக்கென்று இழுக்காமல் விரல் நுனிச் சதையால் நேராகப் பின்னால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். எந்த நொடி வெடிக்கும் என்று உனக்கே தெரியக்கூடாது. தெரிந்தால் கை முன்கூட்டியே பயந்து குனியும், குண்டு காலடியில் மண்ணைக் கிளப்பும். சுட்டு முடிந்ததும் விரல் வெளியே வந்து குழாயின் பக்கவாட்டில் நீட்டிப் படுத்துக்கொள்ள வேண்டும். சுடுகிற நேரம் தவிர மற்ற எல்லா நேரமும் அதற்கு அங்கேதான் இடம்.

நான் நன்றாகவே சுட்டேன் என்று சொன்னால் பெருமையடிப்பதாக நினைக்காதே. நாலைந்து சனிக்கிழமைக்குள் பத்து டின்னில் எட்டை விழுத்தினேன். கங்காணிமார் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். வாரம் ஒருமுறை பிஸ்டலைத் துடைத்து எண்ணெய் போடுகிற வேலையும் என்னிடம் வந்தது. ஆக, எனக்குப் பிடிக்கத் தெரியும், குறி பார்க்கத் தெரியும், சுடத் தெரியும். தெரியாமல் போனது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லித் தரத் தொரைக்கும் தெரியாது, ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை அப்படி ஒரு பாடமே கிடையாது.

அதற்கு முன் குண்டை இறக்குகிற வரிசையைச் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பத்து நாளில் சொல்லித் தந்திருப்பார்கள், என் வாயாலும் கேட்டுக்கொள். அந்த மாதிரிப் பிஸ்டல் ஒரு குண்டு சுட்டதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதுதான் அதன் வசதி, அதன் விஷமமும் அதுதான். விரல் வெளியே, குழாய் ஆளில்லாத பக்கம். முதலில் மெகசினை, குண்டு அடுக்கியிருக்கிற அந்த டப்பியை, கழற்றி வை. மெகசின் முதலில், இதை மாற்றவே கூடாது. கழற்றிய பிறகும் குழாயின் பின் அறையில் ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும், அது மெகசினோடு வராது. அதனால் அடுத்ததாக ஸ்லைடைப் பின்னால் முழுசாக இழு. உள்ளே இருந்தது வெளியே துள்ளி விழும். அதைக் கையில் பிடிக்கப் போகாதே, தரையில் விழட்டும், பிறகு பொறுக்கலாம். ஸ்லைடைத் திறந்தபடியே நிறுத்தி, அறைக்குள் கண்ணால் பார். கண்ணை மட்டும் நம்பாதே, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார். மெகசின் இருந்த ஓட்டையையும் பார். எல்லாம் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தி வேறு எங்காவது ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, திரும்பவும் ஒருமுறை உள்ளே பார். யாராவது வரிசையை மாற்றி, முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டுப் பிறகு மெகசினைக் கழற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். இழுத்ததும் ஒரு குண்டு வெளியே விழும், அவர் திருப்தியாகிவிடுவார். ஆனால் ஸ்லைட் முன்னால் போகும்போது மெகசினிலிருந்து புதுக் குண்டு ஒன்றை அறைக்குள் தள்ளிவிட்டுத்தான் போகும். பிறகு மெகசினைக் கழற்றி மேசைமேல் வைத்தால் பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாம் முடிந்த மாதிரி இருக்கும்.

அன்றைக்கு நடந்தது அதுதான். மழை விட்ட மத்தியானம். தொரை இரத்தினபுரிக்குப் போய்விட்டு வந்து பங்களா விறாந்தையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஆபீஸ் கடுதாசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிஸ்டல் ஒரு துவாயில், மெகசின் தனியாக, சின்ன மேசைமேல் கிடந்தது. நான் எண்ணெய்ப் போத்தலோடு போய் நின்றேன். தலையைத் தூக்காமலே, "உண்ட நே, டிரைவர். தொடைச்சு வை" என்றார். குண்டு இல்லை என்றால் இல்லைதான். நான் "சரிங்க தொரை" என்றேன்.

இப்போது நீ கேட்பாய், ஒரு தடவை ஸ்லைடை இழுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று. ஒரு மூச்சு நேரம். என் கை அதற்குப் போகவும் செய்தது, தம்பி. போன கையை நான்தான் நிறுத்தினேன். தொரை இரண்டடி தூரத்தில் இருக்கிறார், இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அவர் முன்னால் நின்றுகொண்டு நான் திறந்து பார்த்தால் என்ன அர்த்தம்? உங்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகாதா? நம் ஆட்கள் தொரை நிறுத்து எழுதிய கொழுந்தைத் திரும்ப நிறுக்கச் சொன்னதில்லை, தொரை காட்டிய இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்ததில்லை. எனக்கும் அது ரத்தத்தில் ஊறியிருந்தது. மரியாதை என்று நினைத்துக்கொண்டு கையை எடுத்துவிட்டேன்.

மரியாதை அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பிஸ்டலைத் துடைப்பதற்குப் பிரிக்க வேண்டுமானால் ஒருமுறை விசையை அழுத்தினால்தான் ஸ்லைட் கழன்று வரும். குழாய் தொரை பக்கம் திரும்பிவிடக்கூடாதே என்று, அவருக்கு முதுகு காட்டாமல், பக்கவாட்டில் திரும்பி நின்றேன். குழாய் பலகைச் சுவரைப் பார்த்தது. பலகைக்கு அந்தப் பக்கம் கோப்பை பீங்கான் வைக்கிற அறை. தொரை எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்த்த நான், சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை. யோசிக்கவே தோன்றவில்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் வேலைக்காரர்கள் நாங்கள்தான் இருப்போம். அழுத்தினேன். உன் அம்மா கழுவிய கோப்பையைக் கொக்கியில் மாட்டக் கையைத் தூக்கியிருந்தாள்.

அவள் கத்தவே இல்லை. கோப்பை விழுந்து உடைந்த சத்தம்தான் கேட்டது. பிறகு, "ஐயோ, தொரையோட கோப்ப ஒடஞ்சிருச்சே" என்று அவள் சொன்னது கேட்டது. அவளுக்கு அப்போதும் கோப்பைதான் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது.

மேசை விரிப்பால் கையைச் சுற்றி ஜீப்பில் ஏற்றினோம். நான் ஓட்டினேன். தொரை பின்னால் உட்கார்ந்து அவள் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார், அவர் வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். அந்த மனிதர் அழுதார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். றக்வான மலையிலிருந்து இறங்குகிற அத்தனை வளைவிலும் நான் பிரேக்கை மிதித்து மிதித்துக் கீழே வந்தேன். பாதி வழியில் தொரை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "டிரைவர், ரோலர்ல மாட்டிச்சுன்னு சொல்லுவோம். பொலிஸ் வந்தா என்னோட லைசன்ஸும் போகும், ஒன்னையும் புடிப்பாங்க. அழுத்தினது நீதானே. புள்ள சின்னது." கண்ணாடியில் உன் அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். நான் "சரிங்க தொரை" என்றேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை. டவுனில் தொரைக்குப் பழக்கமான ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். மிச்சம் இருந்ததைத் தைத்து அனுப்பினார்.

பொய்யை நிறுத்தி வைக்க முட்டு வேண்டும். பங்களாவுக்குத் தேயிலைத் தூள் எடுத்துவர ஸ்டோருக்குப் போன இடத்தில் மாட்டியது என்று சொன்னோம். ரோலரில் மாட்டியது என்றால் ரோலரை ஓட்டியவன் யார் என்ற கேள்வி வரும். அன்றைக்கு ஸ்டோரில் மிஷின் கழுவிக்கொண்டு தனியாக இருந்தவர் ராமையா. ஆமாம், மேல் லயத்து வரிசை வீட்டு ராமையா மாமாதான். தடுப்புத் தகடு போடாமல் மிஷினை ஓட்டினார் என்று எழுதி, அவரை ஸ்டோரிலிருந்து எடுத்து மலையில் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். நானே அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, பழியை ஏற்றுக்கொள்ளும்படி காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நீ உள்ள போயிட்டா அவ ஒத்தக் கையால எப்பிடிடா அந்தப் புள்ளைக்குக் கஞ்சி காச்சிக் குடுப்பா? போ, நான் பாத்துக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

உனக்குப் பதினாலு வயதில் கோயில் திருவிழாவில் அவர் உனக்கு ஒரு கரும்புத் துண்டை நீட்டினார். நீ அதைத் தட்டிவிட்டு, "எங்கம்மா வெரலத் தின்ன ஆளு குடுத்தது எனக்கு வேணாம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாயில் கொழுக்கட்டை இருந்ததா? அவர்தான் கீழே விழுந்த கரும்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "பையன் சொல்லிட்டுப் போறான், விடு" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அன்றைக்கே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், வேலைக்குப் போகட்டும் என்று தள்ளித் தள்ளி, இன்றைக்கு நீ கையில் பிஸ்டலோடு நிற்கிறாய். என் கோழைத்தனத்துக்கு நான் வேறு பெயர் வைக்கப்போவதில்லை.

பிஸ்டல் விவகாரத்தில் நடந்த தப்பு எது என்று தொரை ஒரு மாசம் கழித்து அவராகவே சொன்னார். "நான் மொதல்ல ஸ்லைட் இழுத்திட்டேன் டிரைவர். அப்புறம்தான் மெகசின் கழட்டினேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனி. குண்டு இல்லை என்று மனசார நம்பித்தான் சொன்னார். உன் முதலாளியும் அப்படித்தான் நம்பியிருப்பார். அவர் நல்லவர், உன்னைச் சொந்த மகன் மாதிரி வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும். அறைக்குள் கிடக்கிற குண்டுக்கு நல்லவர் சொன்னாரா கெட்டவர் சொன்னாரா என்பது தெரியாது.

அதனால் நான் கேட்பது இதுதான். யார் கையிலிருந்து வாங்கினாலும் திறந்து பார். முதலாளி கொடுத்தாலும், உனக்குச் சொல்லித் தந்த வாத்தியார் கொடுத்தாலும், நீயே ஐந்து நிமிஷத்துக்கு முன் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாலும் பார். யாருக்காவது கொடுக்கும்போது திறந்தபடியே கொடு, அவர் கண்ணும் பார்க்கட்டும். குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதைவிட, அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் யார் இருப்பார்கள் என்று யோசி. கோப்பை கழுவுகிற பொம்பளை இருப்பாள், தோட்டக்காரன் இருப்பான், போனைத் தூக்கிப் படம் பிடிக்கிற சின்னப் பெண் இருப்பாள். முதலாளி முகத்துக்கு நேரே எப்படிச் செய்வது என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். உனக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும், அதில் சொல்: "ஹரி முதலாளி, மம பலலா கன்னங்." சரி, பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதானே. முதல் தடவை அவர் முகம் சுருங்கும். இரண்டாவது தடவையும் சுருங்கும். அதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் நேராக வீட்டுக்கு வந்துவிடு, இங்கே சோற்றுக்குப் பஞ்சமில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அந்தக் கையால் பங்களா வேலையும் செய்ய முடியாமல், கொழுந்தும் பறிக்க முடியாமல் போய், பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து, இந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த மூன்று விரலால் சோறு ஊட்டியவள். உனக்கும்தான். "எழுதுங்க. அவன் என்னைய ஏமாத்துக்காரின்னு நெனச்சாலும் பரவால்ல" என்றாள். பிறகு, இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை கேட்காதவள், கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அன்னைக்கு நீங்க ஒரு வாட்டி இழுத்துப் பாத்திருந்தா தொரை என்ன பண்ணியிருப்பாரு?"

"கோவிச்சிருப்பாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் மறுபடி கீரை உருவ ஆரம்பித்தாள். "கோவிச்சிருந்தா கோவிச்சிட்டுப் போறாரு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்த் தண்ணீர் விழுகிற பீலியில் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் இந்தக் கொப்பியைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியோடு றக்வானவுக்குக் கல் பார்க்க வருவதாகவும், போகிற வழியில் அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவதாகவும் சொல்லியிருக்கிறாய். வா. அவரையும் கூட்டி வா. தேத்தண்ணி குடித்த பிறகு அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு, நீயும் நானும் மேல் லயத்துக்கு நடந்து போவோம். ராமையா மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நீ யார் என்று சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். என்ன பேசுவாய் என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. நான் பேச வேண்டியதையே எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இருக்கிறேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், வேனிலிருந்து இறங்கியதும், வாசலில் உன்னை நிறுத்துவேன். வா என்று கூடச் சொல்ல மாட்டேன். குண்டு இருக்கிறதா என்று கேட்பேன். நீ இல்லை என்பாய். நான் நம்ப மாட்டேன். முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே, கொல்லைப்புற மண்மேட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, விரலை வெளியே வைத்து, மெகசினைக் கழற்று. பிறகு ஸ்லைடை இழுத்துத் திறந்தபடி நிறுத்து. உள்ளே பார். பார்த்துவிட்டு என்னிடம் தராதே, அம்மாவிடம் காட்டு. நான் பார்க்கிறேன் என்று அவள் இப்போதே சொல்லிவிட்டாள். அந்தக் கையில் அவளுக்குச் சுண்டுவிரல் இருக்கிறது, அறைக்குள் விட்டுத் தடவிப் பார்க்க அது போதும். அவள் தடவிப் பார்த்து "இல்ல" என்று சொன்ன பிறகு வீட்டுக்குள் வா. அவளே சொன்னாலும், வருவதற்கு முன்னால் நீ இன்னொரு தடவை பார்.

அப்பா